புகையில் போகும் வெப்பமும் ரேடியேட்டரின் சுமையும்

கனரக டிரக்கின் டீசல் என்ஜின் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது, எரிபொருளின் ஆற்றலில் 42 முதல் 46 விழுக்காடு வரை உழைப்பாக மாற்றித் தருகிறது. மீதி அனைத்தும் வெப்பமாக வெளியேறுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி புகையோடு போகிறது. மறுபாதி என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர் கூலர், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், என்ஜினின் வெளிப்பரப்பு ஆகியவற்றின் வழியே காற்றில் கலக்கிறது. இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் பாதிக்கு மேல் வீணாகிறதே என்ற ஆதங்கமும், அதில் ஒரு பகுதியையாவது மீட்க முடியாதா என்ற கேள்வியும் எழும். வெப்பப் பொறிகளின் மீது நீங்காத ஈடுபாடு கொண்ட எனக்கு இது மிகப் பிடித்த கேள்வி. ஆனால் இதற்கு விடை தேடும் பலர் வெப்பம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். உழைப்பை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுகிற வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை எண்ணுவதில்லை. ஓடும் வண்டியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் கடினமானது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பதிவு அதைப் பற்றியதே.

பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-ல் எழுதிவைத்த உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். வெப்பத்தின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது; அது எந்த வெப்பநிலையில் கிடைக்கிறது, எந்த வெப்பநிலையில் கைவிடப்படுகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அதிலிருந்து எவ்வளவு உழைப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியும். டிரக்கில் வெப்பத்தைக் கைவிடும் இடம், அதாவது வெப்பத்தால் ஒரு திரவத்தை ஆவியாக்கி உழைப்பை எடுத்தபின் அந்த ஆவியை மீண்டும் திரவமாக்கும் கண்டென்சர், நடைமுறையில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் என்று கொள்வோம். கூலன்ட் 90 டிகிரியில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே மிகச் சிறந்த, உராய்வே இல்லாத ஒரு பொறியை வைத்தாலும், கூலன்டின் வெப்பத்தில் 3 விழுக்காடுகூட உழைப்பாகாது. கூலன்டில் எத்தனை கிலோவாட் வெப்பம் இருந்தாலும் அதை நம்பி இயந்திரம் கட்ட முடியாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும். பின்புறக் குழாயில் 300 டிகிரியில் வந்து, 120 டிகிரி வரை குளிரும் புகையிலிருந்து அதே கண்டென்சரை வைத்துக் கணக்கிட்டால் உச்ச வரம்பு 26 விழுக்காடு. இ.ஜி.ஆர் குழாயில் 500 டிகிரியில் வரும் வாயுவுக்கு 37 விழுக்காடு. இவை எல்லாம் இயற்கை விதிக்கும் மேல்வரம்புகள். உண்மையான பம்பும் டர்பைனும் வெப்பமாற்றியும் சேர்ந்தால் இதில் பாதியைக்கூட எட்டுவது அரிது.

ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சமதளச் சாலையில் பெருஞ்சுமையோடு செல்லும் டிரக்குக்கு 120 கிலோவாட் திறன் தேவைப்படுகிறது என்றும், என்ஜினின் செயல்திறன் 42 விழுக்காடு என்றும் கொண்டால், எரிபொருள் வழியே உள்ளே செல்லும் ஆற்றல் ஏறத்தாழ 286 கிலோவாட். புகையில் 85 கிலோவாட் போகிறது. அதை 120 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க வெப்பமாற்றி மிகப் பெரிதாகிவிடும் என்பதால், கைக்கு எட்டுவது சுமார் 55 கிலோவாட். இதில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாக மாற்றும் நல்ல அமைப்பு ஒன்றைப் பொருத்தினால் ஐந்தரை கிலோவாட் கிடைக்கும். அதாவது என்ஜின் தரும் திறனில் நாலரை விழுக்காடு. பம்பை இயக்கும் செலவையும், புகைக்குழாயில் கூடும் எதிரழுத்தத்தையும், அமைப்பின் எடையையும் கழித்தால் மூன்றை ஒட்டி வந்து நிற்கும். பாதிக்கு மேல் வீணாகிறது என்ற முதல் வரியிலிருந்து மூன்று விழுக்காடு என்ற இந்த வரிக்கு வந்து சேர்வது ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கணக்கில் இன்னொரு வரி மறைந்திருக்கிறது. புகையிலிருந்து 55 கிலோவாட் எடுத்து ஐந்தரையை உழைப்பாக்கினால், மீதி ஏறத்தாழ 50 கிலோவாட் கண்டென்சரில் வந்து சேர்கிறது. இதுவரை புகைக்குழாய் வழியே யாருக்கும் சுமையின்றித் தானாகவே வெளியே போய்க்கொண்டிருந்த வெப்பம் அது. இப்போது அதை வண்டியின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, காற்றைக் கொண்டு குளிர்விக்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட வண்டியில் புகை தவிர்த்த மற்ற வழிகளில் போகும் மொத்த வெப்பமே 80 கிலோவாட் அளவுதான். அதன்மேல் 50 கிலோவாட் கூடுவது என்றால், முன்பக்கத்தின் குளிர்விக்கும் சுமை அரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்று பொருள். டிரக்கின் முகப்பில் அதற்கு இடமில்லை. ரேடியேட்டர், இன்டர்கூலர், குளிர்சாதனத்தின் கண்டென்சர் எல்லாம் ஏற்கெனவே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முகப்பைப் பெரிதாக்கினால் காற்றின் எதிர்ப்பு கூடி, மீட்ட உழைப்பைக் காற்றே திருப்பி எடுத்துக்கொள்ளும்.

ஃபேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனரக டிரக்கின் ஃபேன் முழு வேகத்தில் சுழலும்போது பல பத்து கிலோவாட்டை விழுங்கக்கூடியது. அதன் தேவை சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது; வேகம் இரட்டித்தால் தேவை எட்டு மடங்காகும். வெயில் கடுமையான நாளில், மேட்டில் மெதுவாக ஏறும்போது, கண்டென்சரின் கூடுதல் வெப்பத்துக்காக ஃபேன் ஒரு படி வேகமாகச் சுழன்றாலே, மீட்ட ஐந்தரை கிலோவாட் அங்கேயே கரைந்துவிடும். ஆகவே, குளிரூட்டும் வசதி நன்றாக அமைந்த சோதனைக்கூடத்தில் மட்டும் அளந்த விழுக்காட்டை நான் அரைமனத்தோடுதான் ஏற்கிறேன். கூடத்தில் குளிர்நீர் தாராளமாக ஓடுகிறது; சாலையில் இருப்பது எதிர்க்காற்று மட்டுமே.

கப்பல்களில் இந்த முயற்சி பல ஆண்டுகளாக எளிதாக நடந்துவருவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பெரிய கப்பலின் டீசல் என்ஜின் நாள்கணக்கில் ஒரே சுமையில் ஓடுகிறது. புகைவழியில் கொதிகலன் வைக்க இடமுண்டு. குளிர்விக்கக் கடல் முழுவதும் இருக்கிறது. டிரக்குக்கு இந்த மூன்றுமே இல்லை.

எனவே டிரக்கில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இ.ஜி.ஆர் என்பது என் கருத்து. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக, புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்புகிறார்கள். அந்த வாயு மிகச் சூடாக இருக்கிறது. அதைக் குளிர்வித்தே ஆக வேண்டும். அந்த வெப்பம் இப்போதே கூலன்டில்தான் சேர்கிறது. அதிலிருந்து உழைப்பை எடுத்தால் ரேடியேட்டரின் சுமை அந்த அளவுக்குக் குறையுமே தவிர, கூடாது. சிக்கல்கள் இல்லாமல் இல்லை. புகைக்கரி படிந்து வெப்பமாற்றியின் சுவர்கள் மூடிக்கொள்ளும். ஆவியாகி உழைப்பைத் தரும், அழுத்தம் மிகுந்த வேலைத்திரவம் கசிந்தால் அது நேராக என்ஜினின் காற்றுவழிக்குள் புகும்; அந்தத் திரவம் எரியக்கூடியதாக இருந்தால் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறி என்ஜின் வேகமெடுக்கும். மேலும், யூரியாவைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை அழிக்கும் எஸ்.சி.ஆர் முறை மேம்பட மேம்பட, பல என்ஜின்களில் இ.ஜி.ஆர் அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். சிறந்த வெப்ப ஊற்று இப்படிச் சுருங்கிக்கொண்டே போகிறது.

வெப்பத்தை உழைப்பாக மாற்றும் வழிகளில் மிகவும் பேசப்படுவது ராங்கின் சுழற்சி. அனல்மின் நிலையங்களில் நடப்பதே இங்கும் சிறு அளவில் நடக்கிறது: பம்ப் திரவத்தை அழுத்துகிறது, கொதிகலன் அதை ஆவியாக்குகிறது, ஆவி விரிந்து டர்பைனையோ பிஸ்டனையோ தள்ளுகிறது, கண்டென்சர் அதை மீண்டும் திரவமாக்குகிறது. இதில் எந்தத் திரவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது வெகுநாளாக நடக்கும் விவாதம். நான் மிகுந்த ஆர்வத்தோடு பின்தொடரும் விவாதமும் அதுதான்.

தண்ணீர் மலிவானது, தீப்பிடிக்காதது, சூட்டில் சிதையாதது. ஆனால் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். அவ்வளவு வெப்பத்தையும் அது ஒரே வெப்பநிலையில் நின்றபடி உறிஞ்சுகிறது. புகையோ குளிரக் குளிர வெப்பநிலை இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டும் ஓரிடத்தில் நெருங்கிவிடுவதால், கொதிநிலையை உயர்த்தினால் எடுக்கும் வெப்பம் குறைகிறது, தாழ்த்தினால் கிடைக்கும் உழைப்பு குறைகிறது. போதாக்குறைக்கு, 80 டிகிரியில் ஆவி நீராகும்போது கண்டென்சரின் உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் பாதிகூட இருக்காது. மிகச் சிறிய கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். பனி உறையும் ஊர்களில் இரவில் வண்டியை நிறுத்தினால் குழாய்கள் வெடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனால் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கிறது. அது 78 டிகிரியில் கொதிப்பதால், என்ஜின் கூலன்டை ஒட்டிய வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே மீண்டும் திரவமாகிறது. வெளிக்காற்று புகும் அச்சம் பெரிதாக இல்லை. அதன் ஆவியாதல் வெப்பம் தண்ணீரினுடையதைவிட வெகு குறைவு, கிலோவுக்கு ஏறத்தாழ 840 கிலோஜூல். எந்தக் குளிரிலும் உறையாது. ஆனால் தீப்பிடிக்கும். குளிர்சாதனத் திரவங்களின் இனத்தைச் சேர்ந்த ஆர்-245எஃப்ஏ தீப்பிடிக்காது, டர்பைனுக்கும் ஏற்றது. ஆனால் 80 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு, சூடு மிகுந்தால் சிதைகிறது, கசிந்தால் புவி வெப்பமாதலைப் பலமடங்கு தூண்டும் வாயுவாகிறது. எரிபொருளைச் சேமிக்க வைத்த அமைப்பே கசிந்து வளிமண்டலத்தைச் சூடாக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எத்தனாலைப் பாதுகாப்பாகக் கையாளுவது பொறியியலால் தீர்க்கக்கூடிய சிக்கல் என்பதால் நான் எத்தனால் பக்கமே நிற்கிறேன்.

விரிவடையும் ஆவியின் ஆற்றலை எப்படி வாங்கிக்கொள்வது என்பதிலும் இரு வழிகள் உண்டு. டர்பைன் சிறியது, எடை குறைந்தது. ஆனால் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழல்வதால், கிராங்க் தண்டோடு இணைக்கப் பல்சக்கரங்கள் வேண்டும், அல்லது மின்னாக்கியை இணைத்து மின்சாரமாக எடுக்க வேண்டும். பிஸ்டன் பொறியின் வேகம் என்ஜினோடு எளிதில் ஒத்துப்போகும். ஆனால் மசகு எண்ணெய் திரவத்தோடு கலந்து கொதிகலனுக்குள் போய்ச் சுவர்களில் படியும். என்ஜினின் சுமை இடைவிடாமல் மாறுவது இரண்டுக்கும் பொதுவான தொல்லை. ஓட்டுநர் மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது புகை சூடேறுகிறது. கொதிகலனின் உலோகமும் திரவமும் சூடாகி ஆவி கிளம்புவதற்குள் மேடு முடிந்து இறக்கம் தொடங்கியிருக்கும். உழைப்பு தேவைப்படாத, பிரேக் போடும் நேரத்தில் ஆவி நிறைந்து நிற்கும். பம்பின் ஓட்டத்தைச் சற்றுக் கூட்டினால் முழுதும் ஆவியாகாத திரவத்துளிகள் டர்பைன் இதழ்களை அரிக்கும். குறைத்தால் திரவம் அளவுக்கு மீறிச் சூடாகிச் சிதையும். முன்னால் வரும் சாலையின் மேடுபள்ளங்களை வரைபடத்திலிருந்து முன்கூட்டியே அறிந்து பம்பை இயக்கும் கட்டுப்பாட்டு முறைகள் இதற்காகவே உருவாகின.

புகையின் ஆற்றலை மீட்கும் முதல் வெற்றி இவற்றுக்கெல்லாம் மூத்தது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை பெற்ற, புகையால் சுழலும் டர்பைனைக் கொண்டு சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போசார்ஜர்தான் அது. இன்று அது இல்லாத கனரக டீசல் என்ஜினை நினைத்துப் பார்க்க முடியாது. அதன் அடுத்த படியான டர்போ காம்பவுண்ட் முறையில், டர்போசார்ஜரைத் தாண்டி வரும் புகை இன்னொரு டர்பைனைச் சுழற்றி, பல்சக்கரங்கள் வழியாக அந்த உழைப்பைக் கிராங்க் தண்டில் சேர்க்கிறது. ஸ்கானியா 1991-ல் இதைத் தன் 11 லிட்டர் டிரக் என்ஜினில் கொண்டுவந்தது. 2007-ல் அறிமுகமான டெட்ராய்ட் டீசலின் டிடி15 என்ஜினிலும் இது இருந்தது. கண்டென்சரும் கொதிகலனும் இல்லை, ரேடியேட்டருக்குக் கூடுதல் சுமையும் இல்லை என்பதால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் இரண்டாவது டர்பைன் புகையைத் தடுத்து நிறுத்துவதால், அதை வெளியே தள்ளப் பிஸ்டன் செலவிடும் உழைப்பு கூடுகிறது. குறைந்த சுமையில் ஆதாயம் மறைந்து இழப்பாகவே மாறிவிடும். டெட்ராய்ட் நிறுவனமே பின்னர் இரண்டாவது டர்பைன் இல்லாத, எளிமையான டர்போசார்ஜர் அமைப்புக்குத் திரும்பியது.

இன்னொரு சிக்கல் எஸ்.சி.ஆர். தெளித்த யூரியா முறையாகச் சிதைந்து வேலை செய்யப் புகை ஏறத்தாழ 200 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். டர்போ காம்பவுண்டின் இரண்டாவது டர்பைன் புகையை எஸ்.சி.ஆருக்கு முன்பே குளிர்வித்துவிடுகிறது. மாசு விதிகள் குறைந்த சுமை ஓட்டத்திலும் இறுக இறுக இது பெரிய இடையூறாகிறது. ராங்கின் கொதிகலனை எஸ்.சி.ஆருக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்பது அதற்குள்ள நல்ல அம்சம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியைத் தாண்டி வரும் அந்தப் புகையில் கரியும் இருக்காது.

டிரக்கில் ராங்கின் சுழற்சி புதிய யோசனையும் அல்ல. எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1970களிலேயே, அமெரிக்காவின் தெர்மோ எலக்ட்ரான் நிறுவனம் மேக் டிரக் என்ஜின் ஒன்றில் ட்ரைஃபுளூரோ எத்தனாலும் நீரும் கலந்த திரவத்தைக் கொண்டு இதைச் செய்துகாட்டியது. அப்போது காட்டிய சேமிப்பு பத்து விழுக்காட்டைத் தாண்டியது. அன்றைய என்ஜின்களின் செயல்திறன் குறைவு, புகையின் சூடு அதிகம் என்பதை மனத்தில் வைத்து அந்த எண்ணைப் படிக்க வேண்டும். அடுத்த பத்தாண்டில் கம்மின்ஸ் நிறுவனமும் அமெரிக்க ராணுவமும் சிலிண்டரையே பீங்கானால் காப்பிட்டு, ரேடியேட்டரே இல்லாத என்ஜினை உருவாக்க முயன்றன. சுவர் வழியே போகாமல் தடுத்த வெப்பத்தில் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் புகையோடுதான் போயிற்று. அதைப் பிடிக்க மீண்டும் ஒரு டர்பைன் தேவைப்பட்டது. 2010-ல் அமெரிக்க எரிசக்தித் துறை தொடங்கிய சூப்பர்டிரக் திட்டம் என்ஜினின் செயல்திறனுக்கு 50 விழுக்காட்டை இலக்காக வைத்தது. கம்மின்ஸ், டெய்ம்லர் அணிகள் ராங்கின் அமைப்பையும் சேர்த்தே அந்த இலக்கைத் தாண்டின. இரண்டாம் கட்டத்தின் இலக்கு 55 விழுக்காடு.

வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக்கும் வெப்பமின் தகடுகளையும் சிலர் முன்வைக்கிறார்கள். 1821-ல் சீபெக் கண்ட விளைவு அது. அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் பிஸ்மத் டெலுரைடு போன்ற நடைமுறைப் பொருள்களின் செயல்திறன் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது என்பதால், டிரக்கின் அளவுக்கு அது இன்னும் வரவில்லை.

இதற்கிடையே என்ஜினே மேம்பட்டு வருகிறது. சீனாவின் வெய்ச்சாய் நிறுவனம் வெப்ப மீட்பு ஏதுமின்றி 2020-ல் 50.23 விழுக்காட்டையும், 2024-ல் 53.09 விழுக்காட்டையும் எட்டியதாக அறிவித்தது. செயல்திறன் கூடக் கூடப் புகையில் மிஞ்சும் வெப்பமும் அதன் சூடும் குறைகின்றன. மீட்பு அமைப்புக்குக் கிடைக்கும் பங்கும் சுருங்குகிறது. இதை நான் மகிழ்ச்சியோடுதான் வரவேற்கிறேன், ஏனெனில் சிலிண்டருக்குள்ளேயே உழைப்பாகிவிட்ட வெப்பத்துக்குக் கொதிகலனும் வேண்டாம், கண்டென்சரும் வேண்டாம்.

அப்படியானால் அந்த மூன்று விழுக்காட்டுக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா? ஆண்டுக்கு 1,20,000 கிலோமீட்டர் ஓடி, நூறு கிலோமீட்டருக்கு 32 லிட்டர் குடிக்கும் வண்டி 38,400 லிட்டர் டீசலை எரிக்கிறது. அதில் மூன்று விழுக்காடு 1,150 லிட்டருக்கு மேல். கரியமில வாயுவில் ஆண்டுக்கு மூன்று டன். அந்த வண்டி பத்து ஆண்டு ஓடினால், ஒற்றை வண்டியிலிருந்து மட்டும் முப்பது டன். மின்கலத்தால் எளிதில் ஓட்ட முடியாத நெடுந்தொலைவுப் பாதைகளில் டீசல் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும் என்பதால், இந்த எண்ணை நான் சிறிதாகக் கருதவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் புதிய கனரக வண்டிகளின் கரியமில வாயுவை 2030-க்குள் 45 விழுக்காடும் 2040-க்குள் 90 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்று 2024-ல் விதித்திருக்கிறது. வெப்ப மீட்பால் மட்டும் அந்த இலக்குகளை எட்ட முடியாது என்பதும் உண்மையே. நகருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். அங்கே கொதிகலன் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும்.

நெடுஞ்சாலை வண்டிக்கு இப்படியோர் அமைப்பை முன்வைப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது மூன்று அளவுகளை. முதலாவது, ஒரே சுமையோடு, ஒரே பாதையில், அமைப்பை இயக்கியும் நிறுத்தியும் ஓட்டி, எரிபொருள் தொட்டியை எடைபோட்டுக் கண்ட வேறுபாடு. இரண்டாவது, அதே ஓட்டம் கடுங்கோடையில் நடந்தபோது ஃபேன் எத்தனை நேரம் முழு வேகத்தில் சுழன்றது என்பது. மூன்றாவது, கொதிகலனும் கண்டென்சரும் திரவமும் சேர்ந்த எடை, ஏனெனில் அந்த எடை ஏற்றக்கூடிய சரக்கிலிருந்து கழிகிறது. இந்த மூன்றையும் ஒரே அறிக்கையில், ஒரே வண்டியில் அளந்து காட்டினால், இ.ஜி.ஆரிலிருந்தும் எஸ்.சி.ஆருக்குப் பின்னிருந்தும் வெப்பத்தை எடுத்து எத்தனாலில் ஓடும் ஓர் அமைப்பு எந்தப் பாதைக்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்பதைச் சரக்குப் போக்குவரத்து நடத்துபவரே கணக்குப் போட்டு முடிவு செய்துகொள்ளலாம்.